ஒழுகும் என்றே கட்டு

வீட்டில் பெரிய மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்களின் கவலை எல்லாம் மீனைப் பற்றியதாகவே இருக்கிறது. அரோவானா வாஸ்துக்கு நல்லதா, வீட்டுக்கு வரவிருக்கும் கண்டத்தைத் தான் வாங்கிக்கொண்டு சாகுமா என்பதெல்லாம் சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் விரிவாக விவாதிக்கப்படும் விஷயங்கள். தண்ணீரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி என்றால் 24 கன அடி. லிட்டரில் சொன்னால் சுமார் 680. எடையும் 680 கிலோ, ஏறக்குறைய ஒரு மாருதி 800. அதை முதல் மாடி ஹாலில் கொண்டுவந்து நிறுத்துகிறோம். கண்ணாடியில் துளை போட்டு பைப் மாட்டுகிறோம். அந்த பைப்புக்குப் பக்கத்திலேயே பிளக் பாயின்ட்டும் வைக்கிறோம். இவ்வளவையும் செய்துவிட்டு, கண்டத்தை மீன் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பது மீனுக்குச் செய்யும் அநியாயம்.

என் கட்சி இதுதான். பெரிய தொட்டிக்குக் குழாய் போடுகிறவர் ஒழுகாமல் இருக்க என்ன வழி என்பதில் மட்டும் மூளையைச் செலவழிக்கக் கூடாது. ஒருநாள் ஒழுகும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, அன்றைக்கு எத்தனை லிட்டர், எந்தப் பக்கம் போகும் என்று கணக்குப் போட வேண்டும். நல்லதையே நினை என்று பெரியவர்கள் சொன்னது பிளம்பிங்கை மனத்தில் வைத்து அல்ல. "மூன்று மாடி வீட்டுக்கே பைப் போட்ட ஆள், இந்தத் தொட்டி எம்மாத்திரம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மொட்டை மாடித் தொட்டிக்குப் பத்து மீட்டர் கீழே உள்ள குழாயில் தண்ணீரின் அழுத்தம், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. இரண்டடி மீன் தொட்டியின் அடியில் அதில் பதினாறில் ஒரு பங்குதான். ஆகவே தண்ணீர் முட்டி மோதி உடைத்துக்கொண்டு வருவதில்லை. நாம் விட்ட வழியில் சாவகாசமாக வருகிறது. வீட்டுக் குழாயில் சொட்டினால் சுவரில் ஓதம் ஏறும், திட்டிக்கொண்டே ஆறு மாதம் ஓட்டலாம். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல். ஹாலில் அந்த நாலு லிட்டர் பிளைவுட் ஸ்டாண்டை ஊறவைத்து, கீழ்வீட்டுக்காரரின் ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு தேசப்படம் வரைந்துவிடும்.

அந்த வழிகளை நாம் எப்படி விடுகிறோம் என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. கண்ணாடித் துளையில் மாட்டும் டேங்க் கனெக்டருக்கு ஒரு ரப்பர் வாஷர் உண்டு. அது தொட்டியின் உள்பக்கம், விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உட்கார வேண்டும். வெளியே நட்டுக்கு அடியில் போட்டால், மரைகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் முறைப்படி வந்து சேரும். நட்டைக் கையால் முடுக்கி, அதற்குமேல் கால் சுற்று போதும். பைப் ரெஞ்சை எடுத்துத் தன் தேகபலத்தைக் காட்டுகிறவர் கண்ணாடியை விரிசல் விடச் செய்வார், அல்லது பிளாஸ்டிக் மரையைப் பிளப்பார். எதற்கும் இருக்கட்டும் என்று சுற்றிலும் சிலிக்கான் அப்புவது அடுத்த வைபவம். சிலிக்கான் கண்ணாடியை விடாப்பிடியாகப் பிடிக்கும். பிவிசியோடு அதற்கு ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. பைப் ஒட்டும் சொல்யூஷனையும் பசை என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்குகிற சரக்கு. பிசிறு தட்டி, துடைத்து, கால் சுற்றுத் திருப்பிச் செருகி அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பைப் மெல்லப் பின்வாங்கும். பிறகு ஒருநாள் காய விட வேண்டும். "அஞ்சு நிமிஷத்துல தண்ணி விடலாம் சார்" என்பவர் அடுத்த ஐந்தாவது நிமிடத்தில் தெருமுனையைத் தாண்டியிருப்பார்.

இதையெல்லாம் பழுதில்லாமல் செய்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். இனிதான் பெரிய ஒழுகலே, அதற்கு எந்த ஜாயின்ட்டும் பழுதாக வேண்டியதில்லை. இத்தகைய தொட்டிகளில் மேல்மட்டத்தில் வழிகிற தண்ணீர் ஸ்டாண்டுக்குள் இருக்கும் சம்ப்புக்கு இறங்கி, வடிகட்டப்பட்டு, மோட்டார் வழியாகத் திரும்ப மேலேறும். கரண்ட் போகிறது, மோட்டார் நிற்கிறது. அந்தக் கணமே மேலேற்றிய குழாய் சைஃபனாக மாறி, தொட்டித் தண்ணீரைக் கீழே இழுக்கத் தொடங்கும். குழாயின் வாய்க்குள் காற்று புகும்வரை நிற்காது. நம் ஆறடித் தொட்டியில் ஓர் அங்குலத் தண்ணீர் என்பது சரியாக ஒரு கன அடி, 28 லிட்டர். குழாயின் வாய் இரண்டு அங்குலம் மூழ்கியிருந்தால் 56 லிட்டர் கீழே வரும். அழகுக்காக ஓர் அடி ஆழத்தில் வைத்திருந்தால் 340 லிட்டர். சம்ப்பில் அதற்கு இடம் இல்லையென்றால் மிச்சம் தரைக்குத்தான். மின்தடை அறிவிப்பு செய்தித்தாளில் ஊர் வாரியாக வருகிற மாநிலத்தில் இதை எதிர்பாராத விபத்து என்று சொல்ல யாருக்கும் வாய் வரக் கூடாது.

"ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் போச்சு" என்று இங்கே ஒருவர் குறுக்கிடுவார். போடலாம், புதிதாக இருக்கும்போது ஒழுங்காகவே வேலை செய்யும். ஆனால் அதன் கதவு மூடாமலிருக்க ஒரு மணல் துணுக்கோ சின்ன நத்தையோ போதும், மீன் தொட்டியில் இந்த இரண்டுக்கும் பஞ்சமில்லை. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார் இன்னொருவர். பேட்டரி தீரும். அதற்கு முன்பே, மோட்டாரைக் கழுவ நாமே சுவிட்சை அணைப்போம். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் சின்னத் துளை போட்டு, காற்று புக வழி செய்வது இவற்றைவிட மேல். அதையும் பாசி அடைக்கும். குழாய் வாயின் உயரத்தைப் பாசியால் மாற்ற முடியாது. ஆகவே வாயையே நீர்மட்டத்தை ஒட்டி வைத்து, சம்ப்பில் அதற்குரிய இடத்தைக் காலியாக விடுவதுதான் கேள்விக்கு அப்பாற்பட்ட ஏற்பாடு. துளையும் வால்வும் அதற்குத் துணைக்கு இருக்கட்டும்.

எதிர்த்திசையிலும் ஓர் ஆபத்து உண்டு. வடிகுழாயில் ஓர் இலையோ செத்த மீனோ அடைத்தால், மோட்டார் அது தெரியாமல் சம்ப்பைக் காலி செய்து மேல்தொட்டியை நிரப்பி வழியவிடும். பீன்அனிமல் என்று பெயர் பெற்ற அமைப்பில் இதற்காகவே மூன்று வடிகுழாய்கள். முதலாவது சத்தமில்லாமல் பெரும்பகுதியை இறக்கும், இரண்டாவது மிச்சத்தை வாங்கிக்கொள்ளும். மூன்றாவது உலர்ந்து நிற்கும், சம்பளம் வாங்கிக்கொண்டு வேலையே செய்யாத நிலையில் அது இருப்பதுதான் நமக்கு நிம்மதி. அது களகளவென்று சத்தம் போட்டால் மற்ற இரண்டில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். இங்கும் கடைசிக் காவல் கணக்குதான். சம்ப்பின் மோட்டார் அறையில் 40 லிட்டர் இருந்தால் மேல்தொட்டியில் ஒன்றரை அங்குலம் காலி இருக்க வேண்டும். மூன்று குழாயும் அடைத்தாலும் மோட்டார் அந்த 40 லிட்டரைத் தூக்கிவிட்டுக் காற்றைக் குடித்துக்கொண்டு நிற்கும். மோட்டார் கெடலாம், தரை கெடாது.

துளையே போடாமல், வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டரோடு நிறுத்திக்கொண்டால் இந்த வம்பே இல்லையே என்பது இருப்பதிலேயே கெட்டிக்காரத்தனமான ஆட்சேபம். டஃபன்ட் கண்ணாடித் தொட்டியாக இருந்தால் அதைத் தவிர வேறு வழியுமில்லை. துளை போட்டால் நொறுங்கிப் போகும். ஆனால் அந்த ஃபில்டரின் உறிஞ்சுகுழாய் தொட்டியின் அடிவரை இறங்கியிருக்கிறது. அதன் ரப்பர் வளையம் விட்டுக்கொடுத்தால் போகக்கூடியது முக்கால் தொட்டி. சம்ப் அமைப்பில் மூட்டுகள் அதிகம், சொட்டும் வாய்ப்பும் அதிகம். இருந்தாலும் மோட்டார் நின்றாலும் வடிகால் அடைத்தாலும் எத்தனை லிட்டர் இடம் மாறும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அளவு தெரிந்த சங்கடம் அளவு தெரியாத நிம்மதியைவிட மேல் என்பதற்கு இதைவிட ஈரமான சான்று கிடையாது.

இவ்வளவு சந்தேகம் தேவையா என்பவர்கள் பெர்லினை நினைத்துப் பார்க்கலாம். அங்கே ஒரு ஹோட்டலில் இருந்த அக்வாடோம் என்னும் மாபெரும் உருளைத் தொட்டி 2022 டிசம்பர் 16 அதிகாலையில் வெடித்துச் சிதறியது. சுமார் 10 லட்சம் லிட்டர் தண்ணீர், 1,500 மீன்கள். தேர்ந்த பொறியாளர்கள் கட்டியது. நிபுணர் ஆராய்ந்தும் காரணம் இன்னதென்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. அவர்களுக்கே அந்தக் கதி என்றால், ஹேக்ஸா பிளேடும் டெஃப்லான் டேப்பும் வைத்திருக்கும் நாம் தன்னம்பிக்கையோடு இருப்பதற்கு அடிப்படையே இல்லை. மீன் விடுவதற்கு முன்பு தொட்டியை நிரப்பி, ஒவ்வொரு மூட்டின் கீழும் பழைய செய்தித்தாளை விரித்து, மோட்டாரை வேண்டுமென்றே பலமுறை அணைத்துப் பார்க்க வேண்டும். வடிகுழாயைத் துணியால் அடைத்தும் பார்க்க வேண்டும். மின்வயரை பிளக்குக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டு மேலேற்ற வேண்டும், வழியும் சொட்டு அந்த வளைவிலேயே விழட்டும். இத்தனைக்கும் ஆகும் செலவு ஒரு பகல் பொழுதும் கொஞ்சம் வெட்கமும்தான். ஃபால்ஸ் சீலிங் போட்டுக் கொடுக்கிறவர் கேட்கும் தொகையோடு ஒப்பிட்டால், அவநம்பிக்கையைப்போல மலிவான பிளம்பிங் சாமான் வேறு இல்லை.