ஊறப்போட்டவர்

அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஆண்கள் விடுதிகளிலும் பேச்சிலர் அறைகளிலும், பி.ஜி. என்று பலகை மாட்டிய மூன்று மாடி வீடுகளிலும் பரவலாகக் காணப்படும் மனித வகை, ஊறப்போட்டவர். மண்ணூர்பேட்டை, அத்திப்பட்டு, கள்ளிக்குப்பம், பட்டரவாக்கம் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்கள் ஆகியவை இவருடைய முக்கிய வாழிடங்கள். வயது இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவே. படிப்பு, டிப்ளமோ அல்லது பி.இ. மெக்கானிக்கல். ஊரில் இருந்தவரை அலமாரியைத் திறந்தால் துவைத்த சட்டை இருக்கும் என்பதை இயற்கை விதி என நம்பியவர். இவர் துணியை ஊறப்போடுவார், எடுக்க மாட்டார். இவரைப் பற்றிய மற்ற செய்திகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை.

இந்த வகை தோன்றுவதற்கான சூழ்நிலை பத்தே ஆண்டுகளில் கூடிவந்தது. 1959இல் சர்ஃப் தூள் இந்தியக் கடைகளுக்கு வந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கி, வெளியூர் இளைஞர்களை வாடகை அறைகளுக்கு இழுத்தது. 1969இல் குஜராத்தில் கர்சன்பாய் படேல் நிர்மாவைத் தயாரித்து விற்கத் தொடங்க, சோப்புத்தூள் நாளடைவில் எளியவர் கைக்கும் எட்டியது. கட்டிச் சோப்பு ஆண்ட காலத்தில் துணியைத் தேய்த்தாக வேண்டும், கல்லில் அடித்தாக வேண்டும். தூள் வந்ததும் 'முதலில் ஊறட்டும்' என்பது துவைப்பின் மரியாதையான முதல் கட்டமாகியது. மற்றவர்கள் அதற்கு அடுத்த கட்டங்களுக்கும் போனார்கள். இவர் முதல் கட்டத்திலேயே நிறைவு கண்டார்.

இவரை அடையாளம் காண முகம் தேவையில்லை, பக்கெட் போதும். அது ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும். கைப்பிடி போன இடத்தில் கேபிள் வயர் கட்டியிருக்கும். எப்போதும் குழாய்க்கு நேர் கீழே இருக்கும். அலசும்போது வசதி என்பது இவர் தரும் விளக்கம். அலசும் வேளை வராததால் அந்த வசதி இதுவரை யாருக்கும் பயன்பட்டதில்லை. ஒரு மாடிக்கே பொதுவான குழாய் ஒன்று குறைந்ததுதான் மிச்சம்.

ஊறப்போடும் சடங்கு சனிக்கிழமை இரவு, செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்தபின் நடக்கிறது. லேத்திலும் சி.என்.சி. மெஷினிலும் கூலன்ட் எண்ணெய் குடித்த இரண்டு யூனிஃபார்ம், ஒரு ஜீன்ஸ், நான்கு பனியன், ஒரு வெள்ளைச் சட்டை, தங்கை கல்யாணத்துக்கு எடுத்த வேட்டி, நேற்று வாங்கிய சிவப்பு டி-ஷர்ட் எல்லாம் ஒரே பக்கெட்டில் சாதி, மத, நிற பேதமின்றி இறங்குகின்றன. தூள் பக்கத்து அறையிலிருந்து வருகிறது. போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கூடுதலாக இருந்தால் நுரை எளிதில் வராது. இவரோ நுரை பொங்கும்வரை கொட்டுபவர். பக்கத்து அறைக்காரர் மாதத்தில் இரண்டு பாக்கெட் வாங்குவதன் காரணம் இந்த வேதியியலில் இருக்கிறது.

ஞாயிறு காலை இவர் வந்து பார்க்கிறார். ஒரு விரலால் அழுத்துகிறார். "இன்னும் நல்லா ஊறணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டிபனுக்குப் போகிறார். அப்போது வரிசையில் நிற்கும் இளையவர் ஒருவர், "அண்ணே, பக்கெட்டைக் கொஞ்சம் நகர்த்தினா நான் அலசிக்குவேன்" என்பார். "இதோ, அஞ்சு நிமிஷம் தம்பி" என்பது மாறாத பதில். இந்த ஐந்து நிமிடம் செவ்வாய்க்கிழமைவரை செல்லும். செவ்வாயன்று யாரோ காலால் பக்கெட்டை மூலைக்குத் தள்ளுவார்கள். புதன்கிழமை இவர் வந்து, "என் பக்கெட்டை யார் தொட்டது?" என்று மாடி முழுக்க விசாரிப்பார். உரிமை என்று வந்துவிட்டால் இவருக்குச் சோம்பல் கிடையாது.

பெரும்பாலான அழுக்குக்கு அரை மணி, ஒரு மணி நேர ஊறலே போதும். அதற்குமேல் போனால், கழன்ற அழுக்கு மறுபடி துணியிலேயே படிகிறது, பாக்டீரியாவும் பெருகுகிறது. ஈரம் காயாத துணியில் எழும் புழுங்கல் வாடைக்கு முக்கியக் காரணம் மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்னும் பாக்டீரியா என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் கண்டறிந்தார்கள். விடுதியில் அந்த வாடைக்கு இவர் பெயரே நீண்ட காலமாக வழங்கிவருகிறது.

ஓனர் ஒரு வாஷிங் மெஷினை வாங்கி மாடிப்படிக்கு அடியில் வைத்தால் நிலைமை சீராகும் என்று நினைப்பது இயல்பு. நடைமுறையில், பக்கெட்டில் ஊறியது மெஷினில் ஊறத் தொடங்குகிறது. இவர் துணியைப் போட்டு, பட்டனை அழுத்தி, டீ குடிக்கப் போய், அப்படியே அம்பத்தூர் ஓ.டி. பக்கம் சினிமாவுக்கும் போய்விடுகிறார். மெஷின் சுற்றி ஓய்ந்து, கூவி அழைத்து, மௌனமாகிறது. பொறுமை இழந்த அடுத்தவர் ஈரத்துணியை எடுத்து மெஷின் மூடிமேல் வைக்கிறார். அது குற்றமா, தற்காப்பா என்பதில் விடுதிச் சட்டம் இன்னும் தெளிவடையவில்லை.

இந்தச் சட்டம் தெளிவாக உள்ள நாடு சுவிட்சர்லாந்து. அங்கே அடுக்கு வீடுகளின் நிலவறையில் பொதுச் சலவை அறை இருக்கும். குடித்தனக்காரர்கள் முறை வைத்துத் துவைப்பார்கள். அந்த அறைச் சாவியை வைத்தே சுவிஸ் மக்களின் குணத்தை அலசி எழுத்தாளர் ஹூகோ லோட்ஷர் கட்டுரை எழுதினார். 1983இல் வந்த அவருடைய நூலின் தலைப்பிலும் அந்தச் சாவி இடம்பெற்றது. அங்கு குடியேறிய ஈழத்தமிழர்களுக்கும் இந்த முறைநாள் பழகிப்போனது. பல கட்டடங்களில் ஞாயிற்றுக்கிழமை துவைக்கவே கூடாது. அம்பத்தூரில் ஷிப்ட் இல்லாத நாள் ஞாயிறு ஒன்றுதான் என்பதால், ஊறப்போட்டவர் சூரிக் நகரில் தழைக்க வாய்ப்பில்லை.

என்றாவது அலசல் நடந்துவிட்டால், அடுத்த களம் மொட்டை மாடி. இவர் பிழிவதில்லை; பிழிந்தால் துணி நைந்துவிடும் என்பது கொள்கை. மேல் கொடியில் தொங்கும் இவருடைய ஜீன்ஸ், கீழ்க் கொடியில் காய்ந்து முடிந்த அடுத்தவர் துணியை மறுபடி நனைக்கும். கிளிப் சொந்தமாகக் கிடையாது. காற்றடித்தால் பனியன் எதிர்வீட்டு சன்ஷேடில் போய் உட்காரும். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் ஜன்னல் கம்பி, கட்டில் கால், கதவு, சக அறைவாசியின் நாற்காலி எல்லாமே கொடியாகும். ஒரே வெளிர்நீல யூனிஃபார்ம் பல கம்பெனிகளில் வழங்குவதால், அவசரத்தில் உருவிய சட்டையோடு போய், பாக்கெட்டில் வேறு கம்பெனி முத்திரை இருப்பதை செக்யூரிட்டி காட்டியபின் உணர்ந்தவர்களும் உண்டு.

சிவப்பு டி-ஷர்ட் தன் கடமையைச் செய்து பனியன்களை ரோஸ் நிறமாக்கியபின், இவர் கடைசி மருந்தாக உஜாலாவை நாடுகிறார். கேரளத்தில் 1983இல் பிறந்த இந்தத் திரவம், மஞ்சளுக்கு எதிரான நீலச்சாயலைச் சேர்த்து வெள்ளையைப் பளிச்சிடச் செய்வது. அலசிய துணிக்கு, ஒரு வாளி நீரில் கரைத்த சில சொட்டுகள் போதும். இவர் பாட்டிலைத் துணிமேல் நேராகக் கவிழ்ப்பதால், ரோஸில் ஊதா மேகங்கள் உருவாகின்றன.

இந்த வகைக்கு ஒரு பொற்காலமும் இருந்தது. 2019 கோடையில் புழல் உட்பட நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. லாரித் தண்ணீருக்குத் தெரு முழுக்கக் குடங்கள் காத்திருந்தன. அப்போது, ஒரே பக்கெட் தண்ணீரில் ஒரு வாரத்தை ஓட்டிய இவர், சிக்கனத்தின் முன்மாதிரியாக எந்த முயற்சியும் இன்றி உயர்ந்தார். மழை வந்ததும் பதவி போயிற்று.

துவைக்காமலே இவர் எப்படி வேலைக்குப் போகிறார் என்பதற்கு விடை தீபாவளியிலும் பொங்கலிலும் கிடைக்கும். ஊருக்குப் போகும் இவருடைய பெரிய பையில் பரிசுப் பொருள் ஏதும் இராது. திரும்பும்போது அதே பை மடிப்புக் கலையாத துணியோடு வரும். "அங்க தண்ணி சரியில்லம்மா" என்ற ஒரு வரி போதும். எந்தத் தாயும் மேற்கொண்டு கேட்பதில்லை. இடைப்பட்ட மாதங்களில் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் முயன்று பார்ப்பார். அவர் துணியை வாங்குமுன்பே, "அலசிட்டுக் கொண்டா தம்பி" என்று திருப்பிவிடுவார்.

கட்டுப்படுத்தும் வழிகள் பல சோதிக்கப்பட்டுள்ளன. '24 மணி நேரத்துக்குள் துணியை எடுக்கவும் – நிர்வாகம்' என்று சுவரில் ஒட்டினால், அதை உரக்கப் படித்து, "கரெக்டா எழுதியிருக்காங்க" என்று முதலில் பாராட்டுபவர் இவர்தான். வாட்ஸாப் குழுவில் பக்கெட்டின் படத்தைப் போட்டால் கட்டைவிரல் உயர்த்துவார். அபராதம் விதித்தால், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வார். கடைசி வழியாகச் சில ஓனர்கள் குழாயை முழங்காலுக்குக் கீழே இறக்கிப் பொருத்தினார்கள். பக்கெட் அதன் கீழே நுழையாது என்பது கணக்கு. பக்கெட் நுழையவில்லை. குளிக்கிற மக் நுழைந்தது. இவர் அதில் சாக்ஸை ஊறப்போட்டார்.