பனி பிடித்த பாட்டுப்பெட்டி

கேள்வி: அப்புத்தளையில் விடிகாலை வேனை எடுத்தால் சீடி ஸெட் ‘எரர்’ காட்டுகிறது. பதுளைக்கு இறங்கியதும் ஒழுங்காகப் பாடுகிறது. பேய் பிடித்திருக்குமோ?
– வேன் சாரதி, அப்புத்தளை

பதில்: பேய் இல்லை, பனி. ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த ஸெட்டின் லென்ஸில், ஏறிய ஆட்களின் மூச்சுக்காற்று ஈரமாய்ப் படிகிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு பிளேன்டீ குடிப்பவருக்கு இந்தத் தொல்லை தெரியும். லேசர் கதிர் சிதறினால் ஸெட் எதைப் படிக்கும்? தட்டை வெளியே எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள். பதுளை அப்புத்தளையைவிட 700 மீட்டருக்கு மேல் தாழ்வு. வெக்கையில் தானாகக் காய்ந்துவிடுகிறது.

கடைச் சீடி பாடி, வீட்டில் பதிந்தது மட்டும் முரண்டு பிடித்தால் கதை வேறு. பதிந்த தட்டு ஒளியைக் குறைவாகத் திருப்பும். அதனால் லென்ஸில் தூசு படிந்தாலோ, லேசருக்கு வயசானாலோ முதலில் மக்கர் பண்ணுவது அதுதான். கழற்றத் தெரிந்தவரிடம் கொடுத்து, ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடைக்கச் சொல்லுங்கள். சாராயம் வாங்கிக் கொடுக்காதீர்கள், லென்ஸுக்குப் போய்ச் சேராது!