வைகாசியில் நடக்காத கல்யாணம்

மறுபடியும் தள்ளிவைத்துவிட்டார்கள். 2026 மே 26 என்று சொல்லியிருந்த ஜிடிஏ 6, நவம்பர் 19-க்குப் போய்விட்டது. அமெரிக்காவில் மாலை நேரம், நமக்கு நடுராத்திரி தாண்டிய நேரம் பார்த்து அறிவித்திருக்கிறார்கள். 2025 நவம்பரில் ஒரு நாள் காலையில் எழுந்து போனை எடுத்தால் வாட்ஸ்அப் குரூப் முழுக்க ஒப்பாரி. ஒருவன் மட்டும், "நல்லதுதான்டா, டைம் எடுத்து நல்லா பண்ணட்டும்" என்று எழுதியிருந்தான். இந்த ஒருவன் எல்லா குரூப்பிலும் இருக்கிறான். அவனுக்குக் கோபமே வராது. அவன் பதில் போட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த கேம் என்ன விலைக்கு வரப்போகிறது என்பதுதான் என்னை அரித்துக்கொண்டிருக்கும் கவலை. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் லீவு விவகாரத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். சின்ன விஷயம்தான்.

2023 டிசம்பரில் முதல் ட்ரெய்லர் வந்தபோது '2025' என்றார்கள். 2024 மே மாதம், '2025 இலையுதிர் காலம்' என்று கொஞ்சம் இறங்கி வந்தார்கள். நமக்கு இலை எல்லாக் காலத்திலும் உதிர்கிறது. நானாக ஐப்பசி என்று கணக்குப் போட்டு, மேனேஜரிடம் இப்போதே சொல்லிவைப்போம் என்று போனேன். கேம் விளையாட லீவு என்று நம் ஊர் ஆபீசில் கேட்க முடியுமா? சித்தப்பா பெண்ணுக்குக் கல்யாணம் என்றேன். மேனேஜர் நல்ல மனிதர். நெற்றியில் திருநீறு, மேஜையில் முருகன். "சந்தோஷம் தம்பி, நல்லபடியா நடக்கட்டும்" என்றார்.

2025 மே மாதம் கல்யாணம் தள்ளிப்போனது. ஐப்பசி இல்லை, அடுத்த வருஷம் மே 26 என்றார்கள். போய்ச் சொன்னேன்.

"வைகாசியா? ஏன் தம்பி, அவ்வளவு தள்ளி?"

"இன்னும் கொஞ்சம் மெருகேத்தணும்னு சொல்றாங்க சார்."

"யாரை?"

நான் யோசிக்கவில்லை. அந்த அறிவிப்பில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. "மண்டபத்தை சார். பெயின்ட் வேலை."

அவர் அதையும் ஏற்றுக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு இப்போது அந்தக் குடும்பத்தின்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. கேன்டீனில் பார்த்தால், "தங்கச்சி கல்யாண வேலை எல்லாம் எப்படிப் போகுது?" என்பார். இதில் எனக்கு ஒரு கஷ்டம். பொய்யை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாக யோசிக்க வேண்டாமே என்று, கேமில் இருப்பதையே சொல்ல ஆரம்பித்தேன்.

"மாப்பிள்ளை என்ன பண்றார்?"

கதாநாயகன் ஜேசன் டுவால். ராணுவத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, இப்போது கடலோரத் தீவுகளில் போதைப்பொருள் கடத்துபவர்களுக்கு வேலை பார்க்கிறான்.

"மிலிட்டரியில இருந்தார் சார். இப்ப கடல் வழியா சரக்கு அனுப்புற ஆளுங்ககிட்ட இருக்கார்."

"எக்ஸ்போர்ட்டா? நல்ல வருமானம் வருமே! பொண்ணு என்ன பண்ணுது?"

கதாநாயகி லூசியா காமினோஸ். நடக்கத் தொடங்கியதிலிருந்தே அப்பா சண்டை போடக் கற்றுக்கொடுத்தார். குடும்பத்துக்காகச் சண்டை போட்டு ஜெயிலுக்குப் போய், அதிர்ஷ்டத்தில் வெளியே வந்தவள்.

"இப்பதான் சார் வெளியே வந்திருக்கா."

"ஹாஸ்டல்லேருந்தா?"

"கிட்டத்தட்ட. கட்டுப்பாடு ஜாஸ்தி."

"அதுவும் நல்லதுதான். பத்திரிகை அடிச்சாச்சா?"

"ட்ரெய்லர்தான் சார் வந்திருக்கு."

அவர் முழித்தார். ப்ரீ-வெட்டிங் ஷூட் என்று சமாளித்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே போய் எடுக்கிறார்கள் என்று கேட்டார். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கடைக்குள் நுழைவதுபோல எடுத்திருக்கிறார்கள் என்றேன். உண்மைதான். முதல் ட்ரெய்லர் முடிவதே அப்படித்தான். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, கையில் துப்பாக்கியோடு. 24 மணி நேரத்தில் 9 கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்ட ப்ரீ-வெட்டிங் ஷூட் அது. அதை மட்டும் சொல்லவில்லை. சொந்தபந்தம் அவ்வளவு பெரிதா என்று கேட்டிருப்பார்.

இப்போது மூன்றாவது தேதி. வைகாசியும் இல்லை, கார்த்திகை. அறிவிப்பு வந்த வாரமே அவர் அறைக்குள் போய் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே புரிந்துகொண்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"மாப்பிள்ளை வீட்ல ஏதாவது எதிர்பார்க்கிறாங்களா?"

"இல்ல சார்."

"ஜாதகத்துல?"

"பாக்கலை சார்."

"அதான்! ரெண்டு தடவை தள்ளிப்போச்சுன்னா சும்மா இல்லை. திருமணஞ்சேரிக்கு ஒரு நடை போயிட்டு வரச் சொல்லுங்க. குத்தாலம் பக்கம்தான். பொண்ணு பேரு, நட்சத்திரம் சொல்லுங்க, நானே எழுதித் தரேன்."

"லூசியா சார்."

நீண்ட மௌனம். "கிறிஸ்டியனா?"

"சித்தப்பாவுது லவ் மேரேஜ் சார்."

"அதனால என்ன, அப்ப வேளாங்கண்ணிக்குப் போகச் சொல்லுங்க. மாதா கைவிட மாட்டா." பர்சைத் திறந்து நூறு ரூபாயை எடுத்துக் கொடுத்து, உண்டியலில் போட்டுவிடச் சொன்னார். அந்த ரூபாய் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஒரு நல்ல மனிதரை நடுவில் இழுத்துவிட்டு எங்கேயோ நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு தேதி மாற்றுகிறார்கள்.

சரி, விலைக்கு வருவோம். வருவதற்கு முன்னால் ஒன்று. மேனேஜரின் ஜோசியத்தைக் கேட்டு நான் சிரித்தேனே தவிர, நம்மவர்கள் செய்ததும் ஜோசியம்தான். இரண்டாவது ட்ரெய்லர் எப்போது என்று தெரியாமல் தவித்த மாதங்களில், கம்பெனி வெளியிட்ட விளம்பரப் படங்களில் தெரிந்த நிலாவின் பிறையை அளந்து தேதி கணித்தார்கள். படித்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். வளர்பிறை இங்கே, பௌர்ணமி அங்கே, ஆகவே இந்தத் தேதி என்று படம் போட்டு விளக்கினார்கள். நானும் ஒரு பஞ்சாங்கத்தை எடுத்து ஒத்துப்பார்த்தேன் என்பதை மறைப்பானேன். கடைசியில் ட்ரெய்லர், முதல் தள்ளிவைப்பு அறிவித்த நாலாவது நாள், 2025 மே 6 அன்று, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் வந்தது. வந்ததும் நிலாவை விட்டுவிட்டு பீர் பாட்டிலுக்குள் குமிழ் எப்படி மேலே போகிறது என்று பார்க்க ஆரம்பித்தோம். குமிழ் அருமைதான். குமிழில் ஒரு குறையும் இல்லை.

நவம்பர் 19 என்ற தேதியே எனக்குப் பிடிக்கவில்லை. சைபர்பங்க் 2077 ஞாபகம் இருக்கிறதா? 2020 ஏப்ரல் என்றார்கள், செப்டம்பர் என்றார்கள், பிறகு நவம்பர் 19 என்றார்கள். அச்சுக்குப் போய்விட்டது, இனி மாற்றம் இல்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தபோது டிசம்பர் 10-க்குத் தள்ளினார்கள். அப்படியும் பழைய கன்சோல்களில் அது ஓடிய லட்சணத்தில், ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. பிற்பாடு சரிசெய்து நல்ல கேமாக ஆக்கிவிட்டார்கள், அது வேறு விஷயம். கல்யாணம் முடிந்து மூன்று வருஷம் கழித்து பந்தி நன்றாக இருந்தது என்று சொன்னால் அன்றைக்குப் பசித்தவனுக்கு என்ன?

தள்ளிவைப்பதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறது. ஆனால் வேலை செய்பவர்கள் தூங்க வேண்டும். இதே கம்பெனியின் ரெட் டெட் 2 வெளிவந்த 2018-ல் வாரத்துக்கு 100 மணி நேர வேலை என்ற பேச்சு அடிபட்டு ஊரே நாறியது. யாரையும் அப்படிப் பிழிந்து எனக்கு ஒரு கேம் வேண்டாம். என் கோபம் எல்லாம், முடியாத வேலைக்கு எதற்குத் தேதி சொல்ல வேண்டும் என்பதில்தான். தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6-க்கு 2018 ஜூனில் ஒரு முன்னோட்டம் காட்டினார்கள். ஒரு நிமிஷம்கூட இல்லை. மலை, மேகம், இசை, தலைப்பு. அதோடு சரி. அதைப் பார்த்துவிட்டுக் கைதட்டிய பையன்கள் இப்போது தங்கள் பிள்ளைகளுக்கு ஸ்கூல் அட்மிஷன் தேடிக்கொண்டிருக்கிறார்கள். டியூக் நியூகம் ஃபாரெவர் 1997-ல் அறிவிக்கப்பட்டு 2011-ல் வந்தது. வந்த பிறகுதான், வராமலே இருந்திருக்கலாம் என்று தெரிந்தது. ஹாலோ நைட் சில்க்சாங் மட்டும் விதிவிலக்கு. 2019-ல் சொல்லிவிட்டு, 2025 செப்டம்பரில் வந்து, வாங்க வந்த கூட்டத்தில் கடைகளின் சர்வரே படுத்துவிட்டது. கேமும் நன்றாக இருக்கிறது. அதனால்தான் அந்த 'டைம் எடுத்து நல்லா பண்ணட்டும்' ஆசாமிக்கு இவ்வளவு திமிர்.

சொல்லாமல் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஹை-ஃபை ரஷ் 2023 ஜனவரியில் அறிவித்த அன்றே கையில் கிடைத்தது. ஆப்லிவியனின் புதுப் பதிப்பு 2025 ஏப்ரல் 22 அன்று அப்படித்தான் வந்தது. காலண்டரும் வேண்டாம், நிலாவும் வேண்டாம், சித்தப்பா பெண்ணும் வேண்டாம். இதுதான் ஒழுங்கு.

ஆனால் இந்த ஒரு கேமுக்கு மட்டும் என்னால் ஒழுங்காக இருக்க முடியவில்லை. காரணம் பழைய ஜிடிஏ வைஸ் சிட்டி. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கட்டி விளையாடிய தலைமுறை நாம். அதில் கதை என்று ஒன்று இருந்தது நம்மில் பலருக்குத் தெரியாது. 'பேன்சர்' என்று தட்டினால் டாங்க் வந்து விழும், 'லீவ்மீஅலோன்' என்று தட்டினால் போலீஸ் போய்விடும், அது போதும். பொம்மை ஹெலிகாப்டரில் குண்டு எடுத்துப்போய்க் கட்டடத்தில் வைக்கும் அந்த மிஷனைத் தாண்டிய ஒருவன் பக்கத்துத் தெருவில் இருப்பதாகப் பேச்சு உண்டு, நேரில் பார்த்தவர் கிடையாது. 2001, 2002, 2004 என்று அப்போது ஜிடிஏ கேம்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குவிந்தன. பிறகு 2008. பிறகு 2013. அதன் பிறகு ஒரே கேமை மூன்று தலைமுறைக் கன்சோல்களில் விற்றார்கள், நாமும் வாங்கினோம். இப்போது அந்த வைஸ் சிட்டிக்கே திரும்பிப் போகிறார்கள். எப்படி ஒழுங்காக இருப்பது?

என் ஆசைகள் சின்னவை. பொம்மை ஹெலிகாப்டர் கூடாது. கதையை முடித்த பிறகு கூடுதல் கதை வேண்டும். நாலாம் பாகத்துக்கு 2009-ல் இரண்டு கொடுத்தார்கள், ஐந்தாம் பாகத்துக்கு ஒன்றுகூட இல்லை, எல்லாம் ஆன்லைனுக்குப் போனது. ஆன்லைனில் பன்னிரண்டு வயசுப் பையன் பறக்கும் பைக்கில் வந்து என்னைச் சுட்டுவிட்டு என் அம்மாவைப் பற்றி ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போகிறான். அதற்கா இவ்வளவு காத்திருப்பு? இத்தனை வருஷம் கதை வசனத்தில் முக்கியப் பங்கு வகித்த டான் ஹவுசர் 2020-லேயே கம்பெனியை விட்டுப் போய்விட்டார் என்பது வேறு ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கிறது.

தேதி விஷயத்தில் நம் ஊரைப் பற்றி அவர்கள் யோசித்ததாகவே தெரியவில்லை. நவம்பர் 19 என்றால் கார்த்திகை பிறந்த கையோடு. என்னோடு சேர்ந்து விளையாடுவதாக இருந்தவன் வருஷாவருஷம் மாலை போடுகிறவன். "கார் திருடலாமா சாமி?" என்று கேட்டேன். "விளையாட்டுத்தானே சாமி" என்றான் முதலில். பிறகு அவன் அம்மாவிடம் கேட்டானாம். இப்போது, தை பிறந்த பிறகு பார்க்கலாம் என்கிறான். வடகிழக்குப் பருவமழை வேறு. புயல் சின்னம் உருவானதுமே எங்கள் தெருவில் கரண்ட் போய்விடும். மே மாதமாவது கத்திரி வெயிலோடு போயிருக்கும்.

விலை. ஆமாம், விலை. கேமின் விலையைவிட எனக்குப் பெரிய பிரச்சினை இருக்கிறது. இது பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும்தான் அறிவிக்கப்பட்டிருக்கிறது. பிளேஸ்டேஷன் 5, 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோதே 49,990 ரூபாய். பிசிக்கு எப்போது என்று கம்பெனி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐந்தாம் பாகம் பிசிக்கு வர ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆனது.

என் வீட்டில் இருப்பது பிசிதான்.