கட்டத்துக்குள் குபேரன்

கே: மகன் ஐந்து முனை நட்சத்திரம் போட்ட கறுப்பு டி-ஷர்ட்டுடன் திரிகிறான். அது சாத்தான் சின்னமாமே, சார்?

ப: பித்தாகரஸின் சீடர்களுக்கு அது ஆரோக்கியக் குறி. இடைக்கால ஐரோப்பாவில் ஏசுவின் ஐந்து காயங்களை நினைவூட்டியது. தலைகீழாக வரைந்தால் கெட்டது என்று 1850களில் புத்தகம் எழுதிப் பரப்பியவர் எலிஃபாஸ் லெவி என்ற பிரெஞ்சுக்காரர். பையனைத் திட்டாதீர்கள். சட்டையை அவ்வப்போது துவைக்கச் சொல்லுங்கள்.

கே: ஆட்டுத்தலை, இறக்கை, தலையில் தீப்பந்தம்... பாஃபோமெட் எந்த ஊர் தெய்வம்?

ப: எந்த ஊரும் இல்லை. 1307 அக்டோபர் 13 அன்று பிரான்ஸ் மன்னர் நான்காம் பிலிப், டெம்ப்ளர் வீரர்களைக் கூண்டோடு கைது செய்தார். சித்திரவதையில் சிலர், ‘ஒரு தலையை வணங்கினோம்’ என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தலையின் பெயர்தான் பாஃபோமெட். அந்தப் பெயருக்கு ஆட்டுத்தலை வைத்துப் படம் போட்டவரும் நம் லெவிதான், ஐந்தரை நூற்றாண்டு கழித்து. மன்னர் டெம்ப்ளர்களிடம் ஏகப்பட்ட கடன் வாங்கியிருந்தார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். கடன் கொடுத்தவன் முகத்தில்தான் கடன்காரனுக்குப் பிசாசு தெரியும்!

கே: டாலர் நோட்டில் முக்கோணத்துக்குள் கண். இல்லுமினாட்டிதானே?

ப: அது கடவுளின் கண். 1782-ல் அமெரிக்க முத்திரையில் ஏறியது, 1935-ல் நோட்டுக்கு வந்தது. இல்லுமினாட்டி என்பது 1776-ல் பவேரியாவில் ஒரு சட்டப் பேராசிரியர் தொடங்கிய ரகசியச் சங்கம். அவர்கள் சின்னம் ஆந்தை. பத்து வருடத்துக்குள் அரசு தடை போட்டது, கடை காலி. ஒரு பவேரிய உத்தரவைத் தாண்ட முடியாதவர்களா உலகத்தை ஆள்கிறார்கள்?

கே: பூஜை அறையில் குபேரக் கோலம் போடுகிறேன். அந்த எண்களில் அப்படி என்ன சூட்சுமம்?

ப: உட்காருங்கள், இது நல்ல கேள்வி. மேல் வரிசை 27, 20, 25. நடுவில் 22, 24, 26. கீழே 23, 28, 21. நெடுக்கு, குறுக்கு, மூலைவிட்டம், எப்படிக் கூட்டினாலும் 72.

இப்போது எல்லா எண்ணிலும் 19-ஐக் கழியுங்கள். 8, 1, 6. அடுத்து 3, 5, 7. கடைசியில் 4, 9, 2. கூட்டுத்தொகை 15. இதுதான் சீனர்களின் ‘லோ ஷூ’. ஆற்றிலிருந்து ஏறிவந்த ஆமையின் முதுகில் இருந்ததாக அவர்கள் கதை. ஜெர்மனியின் அக்ரிப்பா 16-ஆம் நூற்றாண்டில் இதே கட்டத்தைச் சனி கிரகத்துக்கு எழுதிவைத்தார்.

ஆளுக்கொரு கடவுள், ஆனால் கட்டம் மட்டும் எப்படி ஒன்று? 1 முதல் 9 வரை வைத்து இப்படி அமைக்க ஒரே வழிதான் உண்டு. திருப்பிப் போடலாம், கண்ணாடியில் காட்டலாம், நடுவிலிருக்கும் 5 மட்டும் அசையாது. உங்கள் கோலத்தில் அந்த நாற்காலி 24-க்கு. எனக்கு இதைவிடப் பெரிய மாந்திரீகம் வேண்டாம். பணம் வருமா என்பது உங்களுக்கும் குபேரனுக்கும் இடையிலான கணக்கு; இந்தக் கணக்கு மட்டும் தப்பாது.

கே: வழி தவறாமல் இருக்க வைக்கிங் திசைகாட்டியை டாட்டூ குத்தியிருக்கிறேன். பலிக்குமா?

ப: ‘வெக்விசிர்’தானே? அது இருக்கும் பிரபலமான ஐஸ்லாந்து ஏடு 1860-ல் எழுதியது. அதற்குள் வைக்கிங்குகள் கரையேறி 800 வருடமாகிவிட்டது. புயலிலும் வழி தவறாது என்கிறது ஏடு. போனில் மேப்பையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: டாரட் சீட்டு எகிப்திய ஞானமாமே?

ப: 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பொழுதுபோகாத பணக்காரர்களின் சீட்டாட்டம். எகிப்து என்று கிளப்பிவிட்டவர் கூர் த ஜெப்லான், 1781-ல். எகிப்திய எழுத்தை ஷாம்போலியன் படித்துக்காட்டியதோ 1822-ல். எழுத்துக்கூட்டவே ஆள் இல்லாத புத்தகத்துக்குப் பொழிப்புரை!