பத்து அண்ணன்

எங்கள் அணியின் மலாய் நண்பர்கள் வைத்த பெயர் அது. மலாயில் 'பத்து' என்றால் கல். திடலோரம் நின்ற தமிழர்களுக்கு அது விளங்காது. யாரோ "பத்து! பத்து!" என்று கத்தினால், பத்தாம் எண் சட்டைக்காரரைப் பார்த்துக் கைதட்டுவார்கள். கைதட்டலுக்குரியவர் ஐந்தாம் எண் சட்டையில், கோலுக்கு முன்னால், இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். அவருக்கு வலப்பக்கம் நான், இரண்டாம் எண்.

1984இலிருந்து 1995 வரை சிங்கப்பூரின் தேசியக் காற்பந்து லீக்கின் கீழ்ப்பிரிவுகளில் சேர்ந்தே ஆடினோம். பன்னிரண்டு பருவங்களில் அண்ணன் போட்ட கோல் நான்கு. நான்கும் கார்னரில் வந்த பந்தைத் தலையால் முட்டிப் போட்டவை. அவர் தடுத்த கோல்களை யாரும் எண்ணவில்லை. தடுப்பாட்டக்காரனின் கணக்குப் புத்தகம் அப்படிப்பட்டது. நன்றாக ஆடினால் அதில் எழுத ஒன்றும் இருக்காது. ஒருமுறை தவறினால் அந்த நிமிடம், அந்த எதிரணிக்காரனின் பெயர், எல்லாம் ஏறிவிடும்.

எங்கள் இருவரின் அப்பாமார்களும் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்கள். ஆங்கிலேயர் 1938இல் திறந்த பெரிய உலர்துறை 1968இல் கப்பல் பட்டறையானது. 1971இல் ஆங்கிலேயர் படையோடு புறப்பட்டார்கள். வீதிப் பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன: கான்பரா, வெலிங்டன், ஜிப்ரால்டர் கிரசென்ட். அங்கே தமிழும் மலையாளமும் மலாயும் ஒரே பந்தின் பின்னால் ஓடும். ஜிப்ரால்டர் கிரசென்ட் என்ற வீதிப் பெயரிலேயே ஒரு காற்பந்துக் குழு இருந்தது. அதன் ஆட்டக்காரர்களைப் பார்த்துத்தான் நாங்கள் பந்தை உதைக்கப் பழகினோம்.

1977இல் மலேசியக் கிண்ண இறுதியாட்டம். கூடுதல் நேரத்தில் பினாங்கை 3-2 என்று சிங்கப்பூர் வென்றது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் நாற்பது பேர். எல்லோர் வாயிலும் வெற்றிக் கோலைப் போட்ட குவா கிம் சோங்கின் பெயர். அப்போது பதினாறு வயதான அண்ணன் மட்டும் அணித்தலைவர் சமது அல்லாப்பிச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பந்தப் பாக்காதடா, அவரு எங்க நிக்கிறாருன்னு பாரு. பந்து வர்றதுக்கு முன்னாடியே அங்க போயி நின்னுடறாரு." காற்பந்தில் நான் கற்ற முதல் பாடமும் முக்கியமான பாடமும் அதுதான். சறுக்கிப் போய்ப் பந்தைப் பறிப்பவனுக்குக் கைதட்டு கிடைக்கும். சரியான இடத்தில் முன்பே நிற்பவனுக்குச் சறுக்கும் தேவையே வராது. அண்ணனின் கால்சட்டை ஆட்டம் முடிந்த பிறகும் சுத்தமாகவே இருக்கும்.

பகலில் பட்டறையில் வெல்டிங், வாரத்தில் இரண்டு மாலை பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். ஆட்டத்துக்குக் கூலி ஒரு தட்டு மீ கோரெங், ஒரு மைலோ. ஒரு ஞாயிறுகூட அவர் வராமல் இருந்ததில்லை. இரவு ஷிப்ட் முடிந்து நேராகத் திடலுக்கு வந்து, பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே பத்து நிமிடம் கண்ணயர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு தப்பிக்கும் வழி இருந்தது. நெருக்கடி வந்தால் பந்தைக் கோல்காவலருக்குத் தட்டிவிடுவோம், அவர் கையில் எடுத்துக்கொள்வார். 1992இல் அந்த விதி மாறியது. வேண்டுமென்றே காலால் திருப்பிக் கொடுத்த பந்தைக் கோல்காவலர் கையால் தொடக்கூடாது என்றானது. உலகெங்கும் தடுப்பாட்டக்காரர்கள் தடுமாறிய ஆண்டு அது. அண்ணனுக்கு அப்போது முப்பத்தொன்று. இனி எந்தக் காலுக்குப் பந்து வந்தாலும் அடித்தாக வேண்டும், ஆனால் இடது கால் அவருக்குச் சும்மா நிற்பதற்கு மட்டும்தான். வேலை முடிந்து வந்து, புளோக்கின் கீழ்ச்சுவரில் இடது காலாலேயே பந்தை அடித்து அடித்துப் பழகினார். மாடியிலிருந்து யாரோ சத்தம் போட்டால் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த புளோக்குக்குப் போவார். கீழ்ப்பிரிவு அணிக்கு, மீ கோரெங் கூலிக்கு, யாரும் கேட்காமலே ஒருவர் செய்த உழைப்பு அது. எந்தக் கோப்பைக்கும் குறைந்ததாக எனக்கு அது தோன்றியதில்லை.

1996 பிப்ரவரியில் செம்பவாங்குக்கு எம்ஆர்டி வந்தது. அதே ஆண்டு எஸ்-லீக் தொடங்கியது. ஜிப்ரால்டர் கிரசென்டும் செம்பவாங் விளையாட்டுக் கழகமும் இணைந்து செம்பவாங் ரேஞ்சர்ஸ் ஆயின. முதல் எட்டு அணிகளில் ஒன்று எங்கள் ஊருடையது! சம்பளத்துக்குக் காற்பந்து ஆடும் காலம் எங்கள் வாசலுக்கு வந்தபோது அண்ணனுக்கு முப்பத்தைந்து, முழங்காலில் நீர். அவர் ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. ஈசூன் விளையாட்டரங்கத்துக்கு டிக்கெட் எடுத்து ஆட்டம் தவறாமல் போனார், என்னையும் இழுத்துக்கொண்டு. கோல் கம்பத்துக்கு நேர்பின்னால்தான் உட்காருவார். அங்கிருந்துதான் தடுப்பு வரிசை தெரியும்.

1998 செப்டம்பரில் டைகர் கிண்ண இறுதியாட்டம், ஹனோயில், வியட்னாமுக்கு எதிராக. ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் ஆர். சசிகுமார். அவர் தடுப்பாட்டக்காரர், பந்து அவர் தோளில் பட்டு உள்ளே போனது. சிங்கப்பூர் வென்ற முதல் அனைத்துலகக் கிண்ணம் அது. கோப்பிக்கடையில் அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து "ஸ்டாப்பர்டா! ஸ்டாப்பர் போட்டான்டா!" என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

2003 பருவத்தோடு ரேஞ்சர்ஸ் லீக்கிலிருந்து விலகியது. எஸ்-லீக்கும் 2018இல் சிங்கப்பூர் பிரிமியர் லீக் என்று பெயர் மாறியது. ரேஞ்சர்ஸ் பெயர் பொறித்த சட்டையை இன்றைய செம்பவாங் பிள்ளைகள் கண்டிருக்கமாட்டார்கள்.

இப்போதைய பிள்ளைகளுக்கு எங்களுக்கு இல்லாதவை நிறைய உண்டு. செயற்கைப் புல், பயிற்சி உரிமம் பெற்ற பயிற்றுநர், தண்ணீர் குடிக்க இடைவேளை. எனக்குப் பொறாமை இல்லை, மகிழ்ச்சிதான். அதில் ஒன்றுக்கு நான் கைகூப்புவேன்: சிறுவர்களைத் தலையால் முட்ட வைக்கத் தயங்குகிறார்கள். மழையில் ஊறிய பழைய தோல்பந்தைத் தொடர்ந்து நாற்பது முறை தூக்கி எறிவார் எங்கள் பயிற்றுநர். நாற்பதையும் நெற்றியால் திருப்பியடிப்பார் அண்ணன். தலை கிறுகிறுத்தால் வாளித் தண்ணீரில் நனைத்த பஞ்சு. அதைத்தான் வீரம் என்று நாங்களும் கைதட்டினோம்.

2019இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேரின் பதிவேடுகளை ஆராய்ந்தார்கள். மூளை நலியும் நோய்களால் அவர்கள் இறப்பது மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு. 2021இல் அதே குழு ஆட்டக்காரர்களை இடம்வாரியாகப் பிரித்துப் பார்த்தது. கோல்காவலர்களுக்கு அந்நோய்கள் வருவது பொதுமக்களுக்கு வருவதைப் போலவேதான். தடுப்பாட்டக்காரர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்று ஆண்டுகளாக அண்ணனுக்கு மறதி. பந்தைத் தலையால் முட்டியதால்தான் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆட்டத்தை நிறுத்திய பிறகு பட்டறைப் புகையும் இரவு வேலையும் எத்தனையோ ஆண்டுகள் அவரைத் தின்றிருக்கின்றன. ஆனால் நாற்பது பந்து எறிந்த அந்த மாலைகளை நான் மறக்கத் தயாராக இல்லை. பக்கத்தில் நின்று எண்ணியவன் நான்.

வாரத்தில் இரண்டு நாள் அவரைப் புக்கிட் கான்பரா உணவங்காடிக்குக் கூட்டிப்போகிறேன். கோப்பி ஓ, அவருக்குச் சீனி குறைவாக. என் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளில் "ரெண்டாம் நம்பர்" என்கிறார். எனக்கு அது போதும்.

போன மாதம் திரும்பி வரும்போது, புளோக்குக்குக் கீழே தெருக்காற்பந்துத் திடலில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஓங்கி அடித்த பந்து கம்பிவேலியைத் தாண்டி உயரே எழும்பி எங்களை நோக்கி வந்தது. "அங்கிள், ஜாக்கிரதை!" என்றான் ஒரு பையன். அண்ணன் தாழவில்லை. கண்ணைச் சுருக்கிப் பந்தை அளந்தார், இரண்டடி பின்னால் வைத்தார், வந்து விழும் இடத்தில் சரியாக நின்றார். தோள் இறங்கியது, நெற்றி முன்னால் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நான் பக்கத்திலிருந்து பார்த்த அதே நிலை.

நான் குறுக்கே எட்டி இரண்டு கைகளாலும் பந்தைப் பிடித்துவிட்டேன்.

அண்ணன் என்னை ஏறிட்டுப் பார்த்தார். முகத்தில் உண்மையான கலவரம்.

"என்னடா கையால பிடிச்சிட்ட? பாக்ஸுக்குள்ள நிக்கிறோம்டா!"