தேரிக்காட்டுல கூடாரமாம்லா!

ஏலே மக்கா, ஒனக்கும் ஒன் பொஞ்சாதிக்கும் பாலைவனத்துல கூடாரம் போட்டு ஒறங்கணும்னு ஆசை வந்துட்டாம்லா? நல்லா இருப்பே. கட்டில், மெத்தை, ஏசி எல்லாத்தையும் மாசத் தவணையில வாங்கிப் போட்டாச்சு. இப்ப தரையில படுக்கதுக்கு இன்னொரு தவணை போட்டுச் சாமான் வாங்குத. இந்த அறிவு எங்க தலைமுறைக்கு இல்லாமப் போச்சு பாத்தியா?

அமெரிக்காவுல அரிசோனா, யூட்டான்னு செவந்த பூமி இருக்காம். அங்க புருசனும் பொஞ்சாதியுமா வண்டிய எடுத்துக்கிட்டு வாரக்கணக்குல சுத்துதாவளாம். நீ அதைச் செல்போன்ல பாத்துருக்க. டிக்கெட்டு வெலையப் பாத்த பொறவு, நம்ம ஊருலயே செவப்பு மண்ணு கெடக்கேன்னு புத்தி வந்துருக்கு. கெடக்குலே. அங்கயும் மண்ணைச் செவக்க வச்சது இரும்புத் துருதான், இங்கயும் துருதான். துருவப் பாக்க ஏரோப்ளேன் ஏறாம இருந்தியே, அந்த மட்டும் நீ கெட்டிக்காரன்.

வழி தெரியுமா? கூகுள் சொல்லும்ப. அது சொல்லாததை நான் சொல்லுதேன். திருநெல்வேலியில இருந்து திருச்செந்தூர் ரோட்டைப் பிடி. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை வரைக்கும் தாமிரவருணி ஒன் கூடவே வருவா. ரெண்டு பக்கமும் வாழையும் நெல்லுமாக் கெடக்கும். கடம்பா குளத்தைத் தாண்டிக் குரும்பூர்ப் பக்கம் தெக்க திரும்பிக் காயாமொழிக்குப் போ. அந்தப் பச்சை அப்படியே அறுந்துபோவும். செக்கச்செவேல்னு மணல் மேடு, அங்கங்க பனை, கொடை விரிச்ச உடமரம், கொஞ்சம் கொல்லாமரம். அதுதான் குதிரைமொழித் தேரி. பொதிகையில பொறந்த தண்ணி இந்தப் பக்கம், சொட்டுத் தண்ணி நிக்காத மணல் அந்தப் பக்கம். நடுவுல ஒரு பீடி குடிக்குத தூரம்.

இந்த மண்ணு எப்படி வந்துச்சு? ஆனி ஆடியில அரல்வாய்மொழிக் கணவா வழியா மேகாத்து பிச்சுக்கிட்டு வரும். காத்தாலைக்காரன் அதை நம்பித்தான் முப்பந்தல்ல கம்பு நட்டு வச்சிருக்கான். அந்தக் காத்துதான் மேக்க உள்ள செம்மண்ணை வாரிக்கிட்டு வந்து கடக்கரை ஓரமாக் கொட்டுச்சுன்னு படிச்சவுக சொல்லுதாவ. காத்து இன்னும் வேலைய விடலை. இந்த மாசம் இங்கன கெடக்க மேடு அடுத்த மாசம் அங்கன கெடக்கும். மண்ணே ஒரு எடத்துல நிக்காத ஊருல ஒன் கூடாரம் நிக்குமாலே?

போன ஆனியில ரெண்டு பேரு வந்தாவ. அந்தப் புள்ளை நல்ல புள்ளை, 'தாத்தா'ன்னு வாய் நெறையக் கூப்பிட்டுது. மாப்பிள்ளைதான் கொஞ்சம் வெவரமானவரு. வண்டி மேல பெட்டி, பெட்டி மேல பாய். உள்ள மடக்கு நாற்காலி, மடக்கு மேசை, மடக்கு அடுப்பு. அவருக்கு மடக்கத் தெரியாதது அவரு வாய் ஒண்ணுதான். காப்புக்காட்டுக்குள்ள ராத் தங்கணும்னா வனத்துறைகிட்டக் கேக்கணும்யான்னு நான் சொன்னதுக்கு, ஒரு தனியார் பனங்காட்டு ஓரத்துல எடம் பாத்தாரு. அது வரைக்கும் சரி.

பொறவு கூடாரம் போட்டாரு பாரு. நாலு மூலையிலயும் ஆணி அடிக்காரு. தேரி மணல்ல ஆணி! அடிச்ச ஆணிய ரெண்டு வெரலால உருவிக் காட்டினேன். 'இது ஜெர்மன் ஆணி தாத்தா'ங்காரு. ஜெர்மன் ஆணின்னா மணலுக்குப் பயமா இருக்குமா? சாக்குல மணல் ரொப்பி, கயித்தைக் கட்டி, முழங்கை ஆழம் பொதைச்சு வைய்யின்னேன். அப்படி வீடியோவுல காட்டலையாம். சாயங்காலம் மேகாத்து ஒரு தம் பிடிச்சு ஊதுச்சு. கூடாரம் சினை மாடு கணக்கா வயித்தை உப்பிக்கிட்டு எந்திச்சுது. மாப்பிள்ளை ஒரு கயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடுதாரு, அந்தப் புள்ளை நாற்காலியில இருந்து எந்திக்காமச் சிரிக்கி. கல்யாணம் முடிஞ்சு ஒரு வருசம் தாண்டியிருக்கும்னு அப்பமே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

மறுநா காலையில வண்டிச் சக்கரம் பொதைஞ்சுது. நாலு சக்கரமும் சுத்துத வண்டிதான். நாலும் சுத்திச் சுத்தி நல்லா ஆழமாக் குழி தோண்டுச்சு. டயர்ல காத்தைக் கொறைச்சு, அடியில ஓலை போட்டா வந்துரும்னு பனையேறிப் பய ஒருத்தன் சொன்னான். இவரு ஓலைய விட்டுட்டுக் கருக்குமட்டையத் தூக்கிப் போட்டாரு. ரம்பப் பல்லு கணக்கா இருக்கது அவரு கண்ணுக்குத் தெரியலையா? டயர்ல காத்து கொறைஞ்சுதான் போச்சு, மொத்தமா! கடைசியில டிராக்டர் வந்து இழுத்துது. அதையும் வீடியோ எடுத்தாவ. சவத்தை, எதை எடுக்கணும் எதை எடுக்கக்கூடாதுன்னு ஒரு கணக்கு வேண்டாமா?

நீ இப்ப கேப்ப, 'தாத்தா, நீங்க யாரும் தேரியில ராத்திரி தங்கினது இல்லையா?' நல்லாக் கேட்ட. இந்தத் தேரியில புருசனும் பொஞ்சாதியுமாத் தங்கினவுக ஒண்ணு ரெண்டு பேராலே? பதனிக் காலம் வந்துட்டா பனையேறி குடும்பத்தோட காட்டுக்குப் போயிருவான். ஓலையால ஒரு விடிலி போடுவான். மேகாத்து வருத பக்கம் வாசல் வைக்கமாட்டான். அதுக்கு அவன் எந்த வீடியோவும் பாக்கலை. விடிவெள்ளி கண்டதும் எந்திச்சு, கால்ல தளைநாரு, இடுப்புல அருவாப்பெட்டின்னு கெளம்பிருவான். பாளை சீவி, கலயத்துல சுண்ணாம்பு தடவிக் கட்டி, அதே மரத்துல சாயங்காலமும் ஏறுவான். அவன் பொண்டாட்டி விடிலிக்குள்ள தாச்சியில பதனியக் காய்ச்சுவா. வெளிய வெயிலு, உள்ள அடுப்பு. பொங்கி வந்தா ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு அடக்குவா. ஒரு சொட்டைத் தண்ணியில விட்டுப் பதம் பாப்பா. பதம் தப்பினா அன்னைக்கு ஏறின ஏத்தம் பூராவும் வீணு. பொறவு செரட்டை செரட்டையா ஊத்தி வைப்பா. ஒடங்குடிக் கருப்பட்டின்னு நீ சூப்பர் மார்க்கெட்டுல மோந்து பாத்து வாங்குதியே, அது இந்தப் பக்கத்துச் சரக்குதான். மாசக்கணக்குல காட்டுல கெடந்தாவ. அவுகளுக்கு யாரும் லைக்கு போடலை. கருப்பட்டி யாவாரி வெலையில அடிச்சதுதான் மிச்சம்.

அதுக்கும் முந்தியே ஆளு தங்கியிருக்கு. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் தேரியில குட்டிக் குட்டியாக் கல் ஆயுதம் கெடக்கதை சோய்னர்னு ஒருத்தரும் பிரிட்ஜெட் ஆல்சின்னு ஒரு அம்மாவும் 1956ல எழுதி வச்சிருக்காவ. ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்தி வேட்டைக்காரன் உக்காந்து கல்லைத் தட்டின எடம். மடக்கு நாற்காலி ஒண்ணும் கெடைச்ச மாதிரி தெரியலை.

வெள்ளக்காரனைப் பாத்துதான் செய்வேன்னு அடம் பிடிச்சா, நம்ம ஊருக்கு வந்த வெள்ளக்காரனையே பாரேன். கால்டுவெல் பாதிரியாரு 1838ல சென்னையில வந்து எறங்கினாரு. 1841ல தெக்க இடையன்குடிக்கு வந்தாரு. எப்படி? நீலகிரியச் சுத்திப் பெரும்பாலும் நடந்தே வந்தாரு! இடையன்குடியும் செவத்த மணல் தேரிதான். 1844ல நாகர்கோயில் மால்ட் பாதிரியாரு மக எலைசாவைக் கல்யாணம் முடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தாரு. ஏலே, நீ ரெண்டு ராத்திரிக்குப் பொஞ்சாதியச் சம்மதிக்க வைக்க என்ன பாடு படுத? அந்த அம்மா அதே மணல்ல வருசக்கணக்காக் குடும்பம் நடத்துனா, பொம்பளப் புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துனா, லேசு பின்னச் சொல்லிக் குடுத்தா. அவரு ஊழியத்துக்கு நடுவுல உக்காந்து திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதி 1856ல அச்சுல கொண்டாந்தாரு. 1891ல கொடைக்கானல்ல உசிரு போச்சு. ஆனாலும் இடையன்குடிக் கோயில்ல கொண்டாந்துதான் அடக்கம் பண்ணுனாவ. நீ தேரிக்கு வந்தா நாப்பது செகண்டு வீடியோ போடுத. அதுலயும் பாதி நீதான் நிக்க.

வெளிய தங்குதது நம்ம சனத்துக்குப் புதுசா? பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு எத்தனை குடும்பம் போவுது? ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில்ல ஆத்தங்கரையில குடில் போட்டு முன்னெல்லாம் நாள்கணக்குல கெடப்பாவ. 1988ல இருந்து அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். இப்ப நாளை எண்ணித்தான் உள்ள விடுதாவ. புலிக்கும் ஒறக்கம் வேண்டாமா? நாங்க போவும்போது ஜமுக்காளம், சட்டி, அரிசி, ஆச்சி. இந்த நாலும் இருந்தா ஊரையே கொண்டுபோன மாதிரி. ஆச்சி இருந்தா அடுப்புக்குக் கல்லு எங்க கெடக்குன்னு அவளே சொல்லுவா. ஒன் பெட்டியில ஆச்சிக்கு எடம் இருக்கா?

சரி, வரணும்னு முடிவு பண்ணிட்ட. ஆனி ஆடியில வராத. தை மாசியில வா, காத்து அடங்கிக் கெடக்கும். மத்தியானம் மணல்ல செருப்பில்லாம நடந்து காலைப் பொசுக்கிக்கிடாத. அருஞ்சுனை காத்த அய்யனாரு கோயில்ல சுனை இருக்கு, கும்பிட்டுட்டு முகத்துல தண்ணியத் தெளிச்சுக்க. கற்குவேல் அய்யனாரு கோயில் கள்ளர்வெட்டுத் திருவிழா பாக்கணும்னா கார்த்திகைக் கடைசியில வா. அன்னைக்கு ஒன்னைப் போல ஆயிரம் பேரு இதே செவத்த மண்ணை அள்ளி மடியில முடிஞ்சுக்கிட்டுப் போவாவ.

அடுப்பைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். காஞ்ச ஓலை கெடக்க எடத்துல நீ தீ மூட்டினா பனங்காட்டுக்காரன் வந்து சொல்லுவான்.

விடியக்காலம் பதனி எறக்குத எடத்துல போய் நில்லு. ஓலைப் பட்டையில ஊத்தித் தருவான். அதுல மாங்காத் துண்டு நறுக்கிப் போட்டுக் குடிச்சுப் பாரு, ஒன் பையில இருக்க காப்பிப் பொடி, சத்துப் பொடி எல்லாத்தையும் மறந்துருவ. ஒரு பட்டை குடி. ருசியா இருந்தா ரெண்டாவதும் குடி. மூணாவதுக்குக் கை நீட்டுததுக்கு முந்தி மட்டும் ஒதுங்க ஒரு உடமரத்தைப் பாத்து வச்சுக்க. அடியில முள்ளு கெடக்கும், பாத்து உக்காரு.