கையொப்பமிட்ட குற்றம்

அமெரிக்க தேசத்தில், 2001 செப்டம்பர் விபரீதத்துக்குப் பின், பிரயாணிகளின் பாதரட்சைகளைக்கூடச் சந்தேகக் கண்கொண்டு நோக்கிய அதிகாரிகளின் முன்னிலையிலேயே, 2003-ஆம் வருஷத்தில், கல்லூரி மாணவன் ஒருவன் பெட்டி அறுக்கும் கத்திகள், தீக்குச்சிகள், சலவைத் திராவகம், வெடிமருந்தின் சாயலுள்ள களிமண் ஆகியவற்றைக் கொண்டுசென்று, சவுத்வெஸ்ட் விமானங்கள் இரண்டின் கழிவறைகளில் ஒளித்துவைத்ததோடு அமையாமல், தன் பெயர், தொலைபேசி எண், பிரயாணத் தேதிகள் யாவற்றையும் குறித்துப் போக்குவரத்துப் பாதுகாப்பு இலாகாவுக்கே மின்னஞ்சலும் அனுப்பினான். சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர்கள்கூட இவ்வளவு விவரமாகத் தகவல் சொல்வதில்லை! இலாகாவோ அதை அவசரமற்றதெனக் கருதிச் சாவதானமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து, பராமரிப்பு ஊழியர்கள் கழிவறையில் அப்பொட்டலங்களைக் கண்டெடுத்த பிறகுதான், நாட்டிலுள்ள சுமார் 7,000 வர்த்தக விமானங்களையும் சோதிக்குமாறு ஆக்ஞை பிறந்தது. தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தானே கொடுத்திருந்தவனைப் புலனாய்வுத் துறை வெகு சாமர்த்தியமாகக் கண்டுபிடித்துவிட்டது. நியாயஸ்தலம் அவனுக்கு இரண்டு வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பும், 500 டாலர் அபராதமும், 100 மணி நேரப் பொதுஜன சேவையும் விதித்தது. அவன் முன்னரே இனாமாகச் செய்துமுடித்த சேவையை அந்தக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை போலும்.